தோப்பில் ரூத்துக்கு என்ன மிஞ்சும்?

மரம் நடுவது நற்செயல் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை என்றே நாம் அனைவரும் எண்ணுகிறோம். பள்ளிவிழாவா, மரம் நடுகிறோம். பங்கின் பொன்விழாவா, மரம் நடுகிறோம். மறைந்தவர் நினைவாகவும் பிறந்த குழந்தையின் பெயராலும் மரம் நடுகிறோம். நட்டவரை வாழ்த்துகிறோமேயன்றி, ஏன் நட்டீர் என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றின் முற்பகல் வரை.

அப்போது நான் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இடைப்பட்ட ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் திருப்பலி முடிந்து உடை மாற்றும் அறைக்குத் திரும்பியபோது பங்குப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்றார். எழுபதை எட்டியவர், பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் பாயும் நிலத்தில் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். "வைத்திருந்தவர்" என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2016-ஆம் ஆண்டு எங்கள் பகுதியில் தென்னையைத் தாக்கத் தொடங்கிய சுருள் வெள்ளை ஈ, ஓலைகளைக் கரிபிடித்ததுபோல் ஆக்கிற்று. அதன் பின்னே வாடல் நோய் வந்தது. காய்ப்பு குறைந்தது, மரம் ஏற ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. மகன் பெங்களூரில், மகள் அயல்நாட்டில். பெரியவர் தென்னைகளை வெட்டி விற்றுவிட்டு, மகோகனி நட முடிவு செய்திருந்தார்.

"தோத்திரமுங்க சாமி. கன்னு டெம்போவுல வந்திருக்குது. நீங்க ஒருக்கா மந்திரிச்சுக் குடுத்தீங்கன்னா, நாளைக்கே குழி நெரப்பிப் போடலாமுங்க."

கோவில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் டெம்போ நின்றது. கறுப்புப் பைகளில் முழ உயரக் கன்றுகள். பாதி அமெரிக்க மகோகனி, பாதி ஆப்பிரிக்க மகோகனி என்று நாற்றங்கால்காரர் சொன்னதாகச் சொன்னார். நான் தீர்த்தம் தெளித்து மந்திரித்தேன். நீதிமான் லெபனோனின் கேதுருபோல் செழிப்பான் என்று திருப்பாடல் கூறுவதை நினைவூட்டி நான்கு வார்த்தையும் பேசினேன். பெரியவர் கண்கலங்கினார். நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்ட நிறைவோடு நான் திரும்பினேன்.

கெபியின் அருகே ஒரு பெண்மணி நின்றிருந்தார். அதே தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூலிவேலை செய்தவர். நம் பங்கைச் சேர்ந்தவரே. கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, மரம் வெச்சுட்டா களை வெட்டோணுமா, தேங்காய் பொறுக்கோணுமா, மட்டை இழுக்கோணுமா? ஒண்ணுமில்லீங்களே. அப்பறம் எங்களைய எதுக்குங்க கூப்புடுவாங்க?"

என்னிடம் விடை இல்லை. "ஆண்டவர் ஒரு வழி காட்டுவார் அம்மா" என்றேன். விடை இல்லாதபோது குருக்களாகிய நாங்கள் சொல்லும் வார்த்தை அது. ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில், ஒரே அப்பத்தை உண்ட இருவர். ஒருவருடைய நம்பிக்கையை நான் மந்திரித்தேன். அதே கன்று மற்றவருக்கு அச்சமாயிருந்ததை நான் காணவில்லை. அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அதை ஒழுங்காக எண்ணிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

அழகிய மரத்தின் பழைய கணக்கு

முதலில் மரத்தை அறிவோம். நம் ஊரில் மகோகனி என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் இருவேறு இனங்கள். நடு, தென் அமெரிக்காவையும் மேற்கிந்தியத் தீவுகளையும் தாயகமாகக் கொண்டது சுவீட்டீனியா. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது கயா. இரண்டும் நம் வேம்பும் மலைவேம்பும் அடங்கிய அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கயாவின் பட்டையும் வேம்பைப் போலவே கசக்கும். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் அதைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொண்டனர். கோடையில் அதன் கிளைகளைக் கழித்துக் கால்நடைகளுக்கு இடுவர். செனகல் முதல் உகாண்டா வரையுள்ள புல்வெளிக் காடுகளில் நூறடி உயரம் வளரக்கூடிய அம்மரம், அங்கே நிழலும் தீவனமும் மருந்துமாக இருந்தது. சந்தைக்கு வந்த பிறகே அது பலகை ஆயிற்று.

மகோகனி என்ற சொல்லின் பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை. அடிமைகளாக ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர், அங்கே கண்ட மரத்தில் தம் ஊர் மரத்தின் சாயலைக் கண்டு, தம் தாய்மொழிப் பெயரால் அழைத்தனர், அதுவே திரிந்து மகோகனி ஆயிற்று என்று ஆய்வாளர் சிலர் கருதுவர், மறுப்போரும் உண்டு. சொல்லின் வரலாறு எப்படியாயினும் வெட்டியவர்களின் வரலாற்றில் ஐயமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜமைக்காவிலும், இன்று பெலிசு எனப்படும் ஹொண்டுராசுக் கரையிலும் மகோகனியை வெட்டிச் சாய்த்து ஆற்றங்கரைக்கு இழுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகளே. அந்தப் பலகை ஐரோப்பிய மாளிகைகளில் உணவுமேசையாயிற்று. மேசையின் பளபளப்பில் தம் முகம் கண்டவர்கள் வெட்டியவரின் முகத்தைக் காணவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சாலமோன் நினைவுக்கு வந்தார். ஆண்டவருக்கு ஆலயம் கட்ட அவர் தீர் நாட்டு மன்னன் ஈராமிடமிருந்து கேதுரு மரங்களைப் பெற்றார். விலையாகக் கோதுமையும் எண்ணெயும் அனுப்பினார். அந்த வணிகம் நேர்மையானதே. ஆனால், மரம் வெட்ட முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்குச் சேர்த்து, மாதம் பத்தாயிரம் பேராக லெபனோனுக்கு அனுப்பினார் என்று அரசர்கள் முதல் நூல் ஐந்தாம் அதிகாரம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அவர் இறந்தவுடன் மக்கள் அவருடைய மகனிடம் கேட்ட முதல் கோரிக்கை, நுகத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான். அதற்கு இணங்காததால் அரசு இரண்டாயிற்று. ஆலயத்தின் கேதுருவில்கூட யாருடைய தோள் வலித்தது என்று விவிலியம் கேட்கிறது.

இன்று உலகம் மரத்தின் பக்கமாவது சற்றே விழித்திருக்கிறது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், அமெரிக்கக் காடுகளின் பேரிலை மகோகனி சேர்க்கப்பட்டது 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் வளரும் கயா இனங்களைச் சேர்க்க 2022-இல் பனாமாவில் கூடிய மாநாடு முடிவு செய்தது. தாயகத்தில் இவ்வாறு காவலுக்கு உட்பட்ட மரம்தான் நம் ஊர் நாற்றங்காலில் கறுப்புப் பையில் விற்பனைக்கு நிற்கிறது. தோட்டங்களில் வளர்த்த மரம் சந்தைக்கு வந்தால் காட்டு மரத்தின் மீதுள்ள நெருக்கடி குறையலாம். ஆகவே நம் பெரியவர் தம்மை அறியாமலே தொலைதூரக் காடு ஒன்றுக்கு நன்மை செய்கிறார் என்றுகூடக் கூறலாம். அது மறுக்கத்தக்கதன்று. ஆனால், தொலைவிலுள்ள காட்டுக்குச் செய்யும் நன்மை, வேலிக்கு வெளியே நிற்கும் பெண்ணின் கேள்விக்கு விடையாகிவிடாது.

பத்திரத்தில் வளர்ந்த தேக்கு

பெரியவர் பேராசையால் மரம் நடுகிறாரா? இதை நான் கேட்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் குருமடத்தில் பயின்ற 1990-களில், தேக்குத் தோட்டத் திட்டங்கள் என்ற பெயரில் நிறுவனங்கள் பல முளைத்தன. இன்று சில ஆயிரம் கொடுத்தால் இருபது ஆண்டுகளில் இலட்சங்கள் தருவோம் என்று அவை விளம்பரம் செய்தன. தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தை, ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு பத்திரம் வாங்கினார். தேக்கிலை அச்சிட்ட அழகிய பத்திரம். தம் மரம் எங்கே நிற்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. நிறுவனம் மூடப்பட்டது. அத்தகைய திட்டங்கள் பல இடங்களில் வீழ்ந்தபின், 1999-இல் பங்குச் சந்தை வாரியம் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறைகள் வகுத்தது. என் தந்தைக்கு அது பயன்படவில்லை. அவர் இறந்தபின் பெட்டியைத் திறந்தபோது, என் குருப்பட்ட அழைப்பிதழின் கீழே அந்தப் பத்திரம் மடிப்புக் கலையாமல் இருந்தது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி நிறுவனங்கள் மூடப்பட்டு மக்கள் தெருவில் நின்றபோதும் அந்தத் தேக்கிலையே என் கண்முன் வந்தது.

என் தந்தை செய்ததும் பெரியவர் செய்வதும் ஒன்றா? இரண்டிலும் காத்திருத்தல் உண்டு. ஆயினும் வேறுபாடு பெரிது. என் தந்தை மரத்தைப் பேணாமல் அதன் விலையை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருந்தார். பெரியவரோ கவாத்துக் கத்தியோடு காத்திருப்பார். மகோகனியின் நுனிக்குருத்தைத் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அது புகுந்தால் நேராக எழவேண்டிய மரம் கவைவிட்டுக் கெடும். அதை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். பக்கக்கிளை கழிக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்ததா என்று பார்க்க வேண்டும். அத்தனையும் செய்தபின், வெட்டும் நாளில் தாம் இருப்போமா என்பது எழுபது வயதுக்காரருக்கு ஐயமே.

விவிலியம் இத்தகைய காத்திருத்தலை மதிக்கிறது. ஆபிரகாம் பெயேர்செபாவில் ஒரு தமரிஸ்கு மரத்தை நட்டு, அங்கே என்றுமுள்ள இறைவனின் பெயரைத் தொழுதார் என்று தொடக்கநூல் கூறும். சொந்த நிலமென்று ஓரடியும் இல்லாத அயலார் அவர். வறண்ட மண்ணில் நட்ட அம்மரம் தமக்கு மட்டும் பயன்படும் என்று எண்ணி நட்டிருக்க முடியாது. லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரமோ காத்திருத்தலையே சட்டமாக்குகிறது: நட்ட மரத்தின் கனியை மூன்றாண்டுகள் தொடலாகாது, நான்காம் ஆண்டுக் கனி ஆண்டவருக்கு, ஐந்தாம் ஆண்டிலிருந்தே உண்ணலாம். நட்டவனுக்கும் மரத்துக்கும் நடுவே இறைவன் நான்காண்டுகள் நிற்கிறார். நட்டதாலேயே முழுவதும் உன்னுடையதாகிவிடவில்லை என்பதை மனிதன் கற்றுக்கொள்வதற்கான காலம் அது.

நம் மாவட்டத்திலேயே இதற்கொரு சான்று உண்டு. ஆனைமலையின் உச்சியிலிருந்து வெட்டிய தேக்கு மரங்களைக் கீழே சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக்கும் வெட்டித் தீர்த்து மொட்டையாகிக்கொண்டிருந்த அக்காட்டில், 1915 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் வன அலுவலராகப் பணியாற்றினார் ஹியூகோ வுட். கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதைகளை இட்டபடியே நடப்பார் என்று இன்றும் அங்கே சொல்லக் கேட்கலாம். 1933-இல் இறந்த அவர், தம் விருப்பப்படியே அத்தேக்குகளின் நடுவே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுவோரைச் சுற்றிலும் நோக்கும்படி பணிக்கிறது கல்லறையின் இலத்தீன் வாசகம். அவர் மரம் வளர்த்தது வெட்டுவதற்காகவே, அரசு வருவாய்க்காகவே. ஆனால், அக்காடு 1976-இல் வனவிலங்கு சரணாலயமும் 2007-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. கோடரிக்காக நட்டவை யானைக்கும் புலிக்கும் நிழலாயின. நடுகிறவனின் நோக்கத்தைக் கடந்து நிற்கும் ஆற்றல் மரத்துக்கு உண்டு.

அக்கல்லறையின் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது இன்னொன்று. அங்கே ஒரு பெயர்தான் இருக்கிறது. அவரோடு நடந்து, புதர் வெட்டி, தீ அணைத்து, யானை நடத்திய காடரும் மலசரும் புலையரும் அக்கல்லில் இல்லை. நடுகிறவரை நினைவுகூரும் வழக்கம் நமக்கு உண்டு. உடன் உழைத்தவரை நினைக்கும் வழக்கம் இல்லை.

யாருடைய மரம்?

இனி உடைமையைப் பற்றிய கேள்வி. நிலம் அவருடையது, பணம் அவருடையது, எதை நடுவது என்று சொல்ல நமக்கென்ன உரிமை? இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புனித அக்குவினாஸ் தோமா, பொருள்களைத் தனியுடைமையாகக் கொள்வது முறையானதே என்று போதிக்கிறார். அதற்கு அவர் கூறும் காரணங்களுள் ஒன்று மிக நடைமுறையானது: எல்லாருக்கும் பொதுவானதைப் பேணுவதைக் காட்டிலும் தனக்குரியதைப் பேணுவதில் மனிதன் அதிகக் கருத்தாயிருக்கிறான்.

இதற்குச் சந்தன மரமே சாட்சி. நெடுங்காலம் நம் மாநிலத்தில் சந்தனம் யாருடைய நிலத்தில் முளைத்தாலும் அரசின் உடைமையாகவே கருதப்பட்டது. விளைவு என்ன? பறவையிட்ட எச்சத்தில் வரப்போரம் சந்தனக் கன்று முளைத்தால், நாளை திருடன் வருவான், மறுநாள் அதிகாரி வருவார், நமக்கெதற்கு வம்பு என்று பிடுங்கி எறிந்த உழவர்களை நான் அறிவேன். காப்பதற்கென்று இயற்றிய சட்டமே கன்றுகளுக்குப் பகையாயிற்று. 2002-இல் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்குரியவருக்கே உரியது என்றான பிறகுதான் அதை நட்டு வளர்க்கும் துணிவு பிறந்தது. ஆகவே, தனியுடைமை என்றதும் தன்னலம் என்று மேடையில் முழங்குவது எளிது. உழவர் பேணுவது தமக்குரிய மரத்தையே என்பதை உண்மை அறிந்தவர் மறுக்கமாட்டார்.

ஆனால் புனிதர் அதோடு நிறுத்தவில்லை. ஈட்டுவதிலும் நிர்வகிப்பதிலும் பொருள் உன்னுடையதாக இருக்கலாம். துய்க்கும்போதோ அதைப் பொதுவானதாகக் கருதி, தேவையில் இருப்பவரோடு பகிர ஆயத்தமாயிரு என்கிறார். இந்த இரண்டாம் பகுதியை நாம் பொதுவாகக் காணிக்கைத் தட்டோடு முடித்துக்கொள்கிறோம். விவிலியமோ அதை வயலுக்குள் கொண்டுவருகிறது. கதிர் அறுக்கையில் மறந்த அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவ மரத்தை உலுக்கியபின் கிளையில் மிஞ்சியதைத் தேடாதே. அவை அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்கிறது இணைச்சட்டம். மோவாபியப் பெண்ணான ரூத்து பெத்லகேமில் உயிர் பிழைத்ததும், தாவீதின் கொள்ளுப்பாட்டி ஆனதும் அந்தச் சட்டத்தால்தான். நம் ஆண்டவரின் தலைமுறைப் பட்டியலே சிந்திய கதிரின் வழியாக வருகிறது.

நம் கொங்கு மண்ணிலும் சிந்துகதிர் உண்டு; அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. கடலைக்காய் பறித்த காட்டில், மண்ணில் தவறிய காய்களைத் தோண்டிப் பொறுக்கப் பெண்கள் வருவர், எவரும் தடுப்பதில்லை. தென்னந்தோப்பில் விழுந்த மட்டையும் பன்னாடையும் வேலைசெய்தவரின் அடுப்புக்குப் போகும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும். அந்த மரத்தின் நெற்று உதிர்ந்தால் ஆட்டுக்குத் தீவனம். சாகுபடி என்பது பருவந்தோறும் பலருடைய கைகளைத் தேடும். பருவந்தோறும் ஏதேனும் ஒன்றைச் சிந்தும்.

மகோகனி சிந்துவதில்லை. நம் தோட்டத்தில் இலையைத் தவிர வேறெதையும் உதிர்ப்பதில்லை. பதினைந்தோ இருபதோ ஆண்டுகள் ஒருவரையும் அழைக்காமல் நின்று, ஒரே நாளில் ஒருவருக்கே முழு அறுவடையையும் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டதன் பொருள் இதுவே என்று எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று. ரூத்து ஒரு மரத்தோப்பின் வேலியோரம் வந்து நின்றால், அவள் பொறுக்குவதற்கு அங்கே என்ன இருக்கும்?

பெரியவரின் மறுமொழி

கேள்வியை மறைத்து வைக்க மனமின்றி, ஒரு மாலை பெரியவரின் தோட்டத்துக்குச் சென்றேன். குழி நிரப்பி, கன்று நட்டு, முட்டுக்குச்சி கட்டியிருந்தார். நான் சுற்றி வளைத்துப் பேசியதை அவர் உடனே புரிந்துகொண்டார். அவர் முகம் சற்றே வாடியது.

"சாமி, நானென்ன வேணும்னேங்களா பண்றேன்? போன வருஷம் ஒரு தேங்காய்க்கு வந்த காசு பறிப்புக்கூலிக்கே பத்துல. பேங்குக் கடன் நிக்குது. இந்த மரம் வெட்டற வரைக்கும் எனக்கும் வருமானம் ஒண்ணும் இல்லீங்க. ஆளுக்கு வேலை குடுக்கறதுக்காக நட்டத்துக்கு வெள்ளாமை பண்ணச் சொல்லறீங்களா?"

நேர்மையான கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்ல எந்த அறநூலும் எனக்கு இடம் தராது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, உழைத்தவருக்கு வாழத்தக்க கூலி தரவேண்டும் என்று போதித்தார்; உழைப்பே தேவைப்படாத பயிரை நடலாகாது என்று அவர் சொல்லவில்லை. பெரியவரும் ஒருவகையில் கைவிடப்பட்டவரே. தோட்டத்துக்குத் திரும்பிவரப் பிள்ளைகள் இல்லாத முதியவரின் பயிர் மகோகனி. அதன் ஒவ்வொரு வரிசையிலும், வராத மகனின் இடம் ஒன்று இருக்கிறது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்கு எளிது. ஏனெனில் எனக்குக் கடனில்லை, தோட்டமும் இல்லை.

ஆயினும், நட்டத்துக்கு உழ வேண்டியதில்லை என்பதாலேயே, இருபது ஆண்டு உடனுழைத்தவரைப் பற்றி எண்ணவும் வேண்டியதில்லை என்று ஆகுமா? எந்த மரம், எத்தனை அடி இடைவெளி, எந்தத் தவணை என்று அனைத்தையும் கணக்கிட்ட தாளில் அவருடைய பெயர் ஓர் ஓரத்திலும் இல்லை. அங்கேதான் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட "இறைவா, உமக்கே புகழ்" என்ற சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்று வலியுறுத்தினார். மரம் நடும்போது ஒரு காதைத் திறந்து மறுகாதை மூடிக்கொள்வது நம் காலத்துக்குரிய சோதனை. பசுமை என்ற சொல்லே நம்மை நல்லவர்களாக்கிவிடும் என்று நம்புகிறோம்.

அவரிடம் நான் அறிவுரை கூறவில்லை, வேறொன்றைச் சொன்னேன். "இந்த மரத்தை நீங்களே வெட்டுவீர்களோ, உங்கள் மகன் வெட்டுவாரோ, அன்று மரவியாபாரி அளவுநாடாவோடு வருவார். நடுமரத்தின் சுற்றளவை நான்கால் வகுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார். நான்கடிச் சுற்றும் பதினைந்தடி நீளமும் உள்ள மரத்துக்குப் பதினைந்து கனஅடி என்பார். வட்டக் கணக்குப்படி அதில் பத்தொன்பது கனஅடிக்கு மேல் இருக்கிறது. அறுக்கையில் கழிவு போகும் என்பது வியாபார வழக்கம். ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால், வழக்கம் தெரிந்த வியாபாரிக்கு முன்னால் தெரியாத உழவர் நிற்பார். அன்று நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்?"

"நம்மளையும் ஒரு மனுசனா நெனச்சு, வெவரத்தைச் சொல்லிப்போட்டு வாங்கோணும்னு எதிர்பார்ப்பனுங்க" என்றார்.

நான் வேறொன்றும் சொல்லவில்லை. வாங்குபவனும் விற்பவனும் ஒருவரது அறியாமையை மற்றவர் தமக்கு ஆதாயமாக்கலாகாது என்பதே நியாய விலை பற்றிய புனித தோமாவின் போதனையின் உட்கரு. வலியவர் முன் நிற்கையில் நாம் எதிர்பார்ப்பதை, நம் முன் நிற்கும் எளியவருக்கு நாம் செய்யவேண்டும் என்பதும் ஆண்டவரின் பொன்விதியே.

பின்னர் நடந்ததை உள்ளபடி கூறுகிறேன். அதில் அற்புதம் ஒன்றுமில்லை. பெரியவர் மூன்று ஏக்கரில் மகோகனியை நிறுத்திக்கொண்டார். மரம் நிழல் கட்டும் வரையிலான முதல் சில ஆண்டுகளுக்கு வரிசைகளுக்கிடையே உளுந்தும் கடலையும் போட முடிவு செய்தார். எஞ்சிய ஓர் ஏக்கரில் தீவனச் சோளம் விதைத்து, அந்தப் பெண்மணியின் ஆடுகளுக்கு ஒரு பங்கு என்று பேசிக்கொண்டார்கள். அது இரக்கத்தால் செய்ததா, அந்த ஏக்கருக்குக் கன்று வாங்கப் பணம் போதாமல் செய்ததா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வேலை கிடைக்கிறது. மற்ற நாள்களில் திருப்பூர் பனியன் நிறுவனத்தின் வேனில் போகிறார். மரங்கள் நிழல் கட்டியபின் என்ன செய்வார் என்பதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை.

ஆனால் ஒன்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் கன்றுகளை மந்திரிக்க என்னை அழைக்கிறார்கள், மனமுவந்து செல்கிறேன். மந்திரிப்பதற்கு முன், இந்த நிலத்தில் இதுவரை யார் யார் வேலை செய்தார்கள் என்று கேட்கிறேன். சிலர் வியப்படைகிறார்கள், சிலர் சங்கடப்படுகிறார்கள், சிலர் பெயர்களைச் சொல்கிறார்கள். சொல்லும் பெயர்களையும் சேர்த்துச் செபிக்கிறேன். இயலுமானால், அவர்களையும் வந்து ஒரு கன்றை ஊன்றச் சொல்லுங்கள் என்கிறேன்.

எசாயா இறைவாக்கினர் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்கிறார். அவன் மரம் ஒன்றை நட்டான். மழை அதை வளர்த்தது. வளர்ந்ததும் வெட்டி, ஒரு பாதியில் குளிர்காய்ந்து அப்பம் சுட்டான். மறுபாதியில் தெய்வம் செய்து அதன்முன் விழுந்தான். ஒரே மரம் அடுப்பாகவும் ஆகும், சிலையாகவும் ஆகும். நாம் நடும் மரம் எதுவாகும் என்பது, அதன் நிழலில் யாருக்கு இடம் வைத்தோம் என்பதைப் பொறுத்தது. நட்டவர் நாம், மழையைத் தருபவர் வேறொருவர். அவர் நல்லோர் தோட்டத்திலும் தீயோர் தோட்டத்திலும் மழை பெய்விக்கிறார். தோட்டமே இல்லாதவரின் தலைமீதும் அதே மழையைப் பெய்விக்கிறார்.